பிரான்சிஸ் லைட்டின் ஏடுகளும் நம் வீட்டுப் பத்திரங்களும்



பினாங்கு ஜோர்ஜ்டவுனில் கடலோரமாக உள்ள கார்ன்வாலிஸ் கோட்டையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்களாகிய நாம் அங்கே ஒருமுறை நின்று, அங்குள்ள வெண்கலச் சிலையைக் காட்டி, "இவர்தாம் 1786ஆம் ஆண்டு இந்தத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றிய பிரான்சிஸ் லைட்" என்று சொல்வது வழக்கம். ஆனால் அந்தச் சிலையின் முகம் லைட்டின் முகம் அன்று! 1936ஆம் ஆண்டு, பினாங்கு நகரின் 150ஆம் ஆண்டு நிறைவையொட்டி அந்தச் சிலையை வார்த்தபோது, பார்த்துச் செய்வதற்கு அவருடைய உருவப்படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆகவே அவருடைய மகன் வில்லியம் லைட்டின் முகச்சாயலை வைத்துச் சிற்பி அதைச் செய்தார்.

முகம் மறைந்துபோன ஒரு மனிதருடைய வாழ்க்கை மட்டும் நமக்கு எப்படி இவ்வளவு தெரிகிறது? அவர் பிறந்த கிராமம், படித்த பள்ளி, பார்த்த வேலை, வாழ்ந்த துணைவி, பெற்ற பிள்ளைகள், விட்டுச்சென்ற மாடு கன்று வரை எப்படித் தெரிகிறது? விடை மிக எளியது. எழுதி வைத்தார்கள்; எழுதியதைப் பாதுகாத்தார்கள். சீமையிலிருந்து கப்பலேறி இங்கு வந்த ஓர் ஆங்கிலேயரின் வரலாற்றை ஏடுகளின் வழியே எவ்வாறு தேடிக் கண்டார்கள் என்பதையும், கப்பலேறி இங்கு வந்த நம் பாட்டன் பாட்டியின் வரலாற்றை நாம் எவ்வாறு தேடிக் காக்கலாம் என்பதையும் இன்று காண்போம்.

"துரைமார் கதை நமக்கு எதற்கு?" என்று கேட்டுவிட வேண்டாம். லைட்டும் பிறக்கும்போது துரையாகப் பிறந்தவர் அல்லர். பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்களுள் அவரும் ஒருவர்.

முதல் ஏடு, இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் உள்ள டாலிங்கூ என்னும் சிற்றூரின் மாதாகோயில் பதிவேடு. இங்கிலாந்தில் ஒவ்வோர் ஊர்க் கோயிலிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் எழுதி வைப்பது பல நூற்றாண்டுகளாக இருந்துவரும் வழக்கம். அந்தப் பதிவேட்டின்படி 1740ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் பிரான்சிஸ் லைட் என்னும் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தது. தாயின் பெயர் மேரி லைட். தந்தையின் பெயர் அதில் இல்லை. அவ்வட்டாரத்து நிலப்பிரபுவான வில்லியம் நீகஸ் என்பவர் சிறுவனை ஆதரித்து, 1747இல் உட்பிரிட்ஜ் என்னும் ஊரின் இலக்கணப் பள்ளியில் சேர்த்தார். நீகஸ்தாம் தந்தை என்று பிற்காலத்தார் எழுதினார்கள். ஆனால் ஏடு அவ்வாறு சொல்லவில்லை.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஒருவரை இழிவுபடுத்துவதற்காகத் தோண்டக் கூடாது என்பதே அதன் கருத்து. அறிந்துகொள்வதற்காகத் தேடுவதில் குற்றமில்லை. தந்தை பெயர் எழுதப்படாத ஒரு பிள்ளை உலகின் மறுகோடிக்கு வந்து ஒரு நகரத்தையே எழுப்பினான் என்று தெரியவரும்போது, அந்த வெற்றிடமே வரலாற்றின் முதல் பாடமாகி விடுகிறது.

அடுத்தவை கடற்படையின் ஏடுகள். கப்பலில் யார் ஏறினார், யார் இறங்கினார், எந்தப் பதவி என்று ஒவ்வொரு பெயரையும் கடற்படை எழுதி வைத்தது. 1759 முதல் 1763 வரை அவர் மிட்ஷிப்மன் என்னும் இளநிலை அதிகாரியாக இருந்தார். போர் முடிந்தது, வேலையும் முடிந்தது. 1765ஆம் ஆண்டு கிழக்கு நாடுகளை நோக்கிப் புறப்பட்டார். சென்னை வணிக நிறுவனம் ஒன்றின் சார்பில் கப்பலோட்டி, கெடா, ஆச்சே, புக்கெட் ஆகிய இடங்களில் வாணிபம் செய்தார். புக்கெட் தீவையே பல்லாண்டுகள் தம் இருப்பிடமாகக் கொண்டார். மலாய் மொழியும் சயாம் மொழியும் பழகினார்.

அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்லும் ஏடுகள் வியப்புக்குரியவை. அக்காலத்து மலாய் அரசர்களும் பிரதானிகளும் வணிகர்களும் லைட்டுக்கு எழுதிய கடிதங்கள் சுமார் 1,200 இன்றும் இலண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைநாட்டுக் கல்லூரியில் பாதுகாக்கப்பட்டுள்ளன. பெரும்பாலானவை ஜாவி எழுத்தில் எழுதிய மலாய்க் கடிதங்கள். அரிசி வேண்டும், துணி வேண்டும், துப்பாக்கி வேண்டும், கடன் பாக்கி வந்து சேரவில்லை என்று அன்றாட விஷயங்களையே அவை பேசுகின்றன. எழுதியவர்கள் அவற்றை வரலாறு என்று எண்ணி எழுதவில்லை. நம் வீட்டு மளிகைக் கணக்கைப் போலத்தான் எழுதினார்கள். இருநூறு ஆண்டு கழிந்தபின் அந்த மளிகைக் கணக்கே வரலாறாகி விட்டது.

ஏடுகள் ஒரு மனிதரின் பெருமையை மட்டும் சொல்வதில்லை. கெடா சுல்தான் அப்துல்லா முக்கர்ரம் ஷா, சயாம், பர்மா ஆகிய நாடுகளால் தமக்கு நேரக்கூடிய ஆபத்தை எண்ணி, இராணுவப் பாதுகாப்பை எதிர்பார்த்தே பினாங்குத் தீவைக் கொடுக்க முன்வந்தார். 1786 ஆகஸ்ட் 11ஆம் நாள் லைட் கொடியேற்றினார். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி அந்தப் பாதுகாப்பைக் கொடுக்கவில்லை. 1791இல் சுல்தான் தீவை மீட்கப் படை திரட்டினார். லைட் அந்தப் படையை முறியடித்தார். ஆண்டுக்கு 6,000 டாலர் என்று ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. கடிதங்கள் எஞ்சியிருப்பதால்தான், கேட்டது என்ன, கிடைத்தது என்ன என்பதை நாம் இன்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

நேயர்களே, அந்தக் கடிதப் போக்குவரத்தில் நம்மவர்களும் வருகிறார்கள். 1794ஆம் ஆண்டு ஜனவரியில் லைட் கம்பெனி அரசாங்கத்துக்கு அனுப்பிய அறிக்கையில், சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து வந்த சூலியர்கள் சுமார் 1,000 பேர் தீவில் குடியிருக்கிறார்கள் என்றும், அவர்கள் கடைக்காரர்களும் கூலியாட்களும் என்றும், கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கொண்டுவருகின்றன என்றும், அவர்கள் உழைத்துச் சில டாலர் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப, வேறு ஆட்கள் அவர்கள் இடத்துக்கு வருகிறார்கள் என்றும் எழுதினார். காடு வெட்டிய கையும் மூட்டை சுமந்த தோளும் அங்கே எண்ணிக்கையாக இருக்கின்றன, பெயராக இல்லை. ஒருவருக்கு 1,200 கடிதங்கள். ஆயிரம் பேருக்கு ஒரே வரி!

அதே 1794 அக்டோபர் 21ஆம் நாள் லைட் மலேரியாக் காய்ச்சலால் மாண்டார். முன்பு நார்தம் ரோடு என்றும் இன்று ஜாலான் சுல்தான் அகமட் ஷா என்றும் வழங்கும் சாலையில் உள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச்சென்ற மிக முக்கியமான குடும்ப ஏடு அவருடைய உயில்.

அந்த உயிலில் மார்த்தினா ரொசெல்ஸ் என்னும் பெண்மணியின் பெயர் வருகிறது. 1772 முதல் தம்மோடு வாழ்ந்து வருபவர் என்று லைட் அவரைக் குறிப்பிடுகிறார். மனைவி என்ற தகுதியைக் கம்பெனி உலகம் அவருக்குத் தரவில்லை. மிளகுத் தோட்டத்தையும் பங்களாவையும் மாடு கன்றுகளையும் அவருக்கு எழுதிவைத்தார். லைட் தம் தோட்டத்துக்குத் தாம் பிறந்த மாவட்டத்தின் பெயரையே வைத்து, சஃபோக் என்று அழைத்தார். ஊரை விட்டு வந்தாலும் ஊர்ப் பெயரை விடவில்லை! பின்னாளில் அவ்விடத்தில் எழுந்த சஃபோக் மாளிகை பழுதுபார்க்கப்பட்டு இன்றும் நிற்கிறது. உயிலில் அடிமைகளும் சொத்துக்களோடு சொத்தாக எண்ணப்பட்டிருக்கிறார்கள் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

மார்த்தினா யார்? கெடா அரசகுமாரி என்று சிலர் கதை சொன்னார்கள். போர்த்துக்கீசிய வழிவந்த யூரேசியக் கத்தோலிக்கப் பெண் என்று வேறு சிலர் சொன்னார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் குடும்பம் நடத்தி, பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாயின் வரலாறு, கணவனின் உயிலில் வரும் சில வரிகளுக்குள் அடங்கிவிட்டது. பெண்களின் கதை இப்படித்தான் பெரும்பாலும் தொலைகிறது. நம் வீடுகளிலும் பாட்டனின் ஊர்ப் பெயரைச் சொல்வோர் உண்டு. பாட்டி பிறந்த ஊர் எது என்று கேட்டால் எத்தனை பேரால் சொல்ல முடியும்?

இனி அவர்களுடைய பிள்ளைகளைப் பார்ப்போம். மகன் வில்லியம் 1786 ஏப்ரலில் குவாலா கெடாவில் பிறந்தார். ஆறு வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, தந்தையின் நண்பர் வீட்டில் வளர்ந்தார். படைவீரராகி, பின்பு ஆஸ்திரேலியா சென்று, 1836இல் அடிலெய்ட் நகருக்கு இடம் தேர்ந்தெடுத்து அளந்து திட்டமிட்டார். தந்தை எழுப்பியது ஜோர்ஜ்டவுன், மகன் அமைத்தது அடிலெய்ட். இந்த உறவை எண்ணியே 1973இல் இரு நகரங்களும் உடன்பிறப்பு நகரங்கள் ஆயின. ஆனால் 1839 ஜனவரியில் அடிலெய்டில் மூண்ட தீயில் வில்லியத்தின் குடிசையும் அதை அடுத்திருந்த நில அளவை அலுவலகமும் எரிந்தன. அவர் பல்லாண்டுகளாக எழுதிச் சேர்த்த நாட்குறிப்புகள் சாம்பலாயின. மனம் தளராமல், எஞ்சியதை வைத்துச் சிறு நூல் ஒன்றை அவ்வாண்டே அச்சிட்டார். அதே அக்டோபரில் இறந்துபோனார். ஒரு மனிதரின் நினைவு முழுவதும் ஒரே கூரையின்கீழ் இருந்தால் ஒரு தீப்பொறி போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மூத்த மகள் சாராள், சென்னைப் படையின் அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் என்பவரை மணந்தார். இந்தப் பெயரைத் தமிழ்நாட்டு வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். சிவகங்கைச் சீமையின் மருது சகோதரர்களோடு நடந்த 1801ஆம் ஆண்டுப் போரில் கம்பெனிப் படையில் இருந்தவர் இவர். அதற்கு முன்பு, நட்பாக இருந்த காலத்தில், வேல் எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று இவரே எழுதியிருக்கிறார். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களைச் சேர்ந்தோர் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றி நாடு கடத்தப்பட்டார்கள். அனுப்பிய இடம் எது தெரியுமா? இந்தப் பினாங்குத் தீவுதான். அவர்களுள் சின்ன மருதுவின் இளவயது மகன் துரைச்சாமியும் ஒருவர்.

1818ஆம் ஆண்டு வெல்ஷ் பினாங்குக்கு வந்தபோது, உருக்குலைந்த ஒரு மனிதர் அவர் முன் வந்து நின்று, தாம் துரைச்சாமி என்று சொன்னார். வெல்ஷ் நெஞ்சு கலங்கிப் போனார். ஊரில் மிஞ்சியிருக்கும் சொந்தங்களுக்கு ஒரு கடிதம் கொண்டுபோக வேண்டும் என்று துரைச்சாமி கேட்டார். கம்பெனியின் கட்டுப்பாட்டால் வெல்ஷ் அதற்கு இசையவில்லை. 1830இல் இலண்டனில் அச்சான தம் நினைவுநூலில் இதை அவரே பதிவு செய்தார். மாமனாருக்கு வந்த கடிதங்கள் 1,200 இருக்கின்றன. சிவகங்கைப் பிள்ளை கொடுக்க நினைத்த ஒரே கடிதம் கரை சேரவில்லை! அந்தப் பிள்ளை இங்கு வாழ்ந்தார் என்பதைக்கூட அவர் தந்தையோடு போரிட்ட அதிகாரியின் நூலைக் கொண்டே நாம் அறிய வேண்டியிருக்கிறது.

நேயர்களே, இத்தனை ஏடுகளையும் புரட்டியவர்கள் கடைப்பிடித்த முறைகள் மூன்று. முதலாவது, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போவது. உயிலிலிருந்து பிள்ளைகளுக்கு, பிள்ளைகளிலிருந்து பேரர்களுக்கு. இரண்டாவது, ஒரு செய்தியை இரண்டு ஏடுகளில் ஒத்துப் பார்ப்பது. மூன்றாவது, கேட்ட கதையையும் எழுதிய ஏட்டையும் தனித்தனியே வைப்பது. காட்டை விரைவாக வெட்டச் செய்ய லைட் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்று ஒரு கதை உண்டு. கேட்கச் சுவையானது, கதை என்று எழுதி வைத்தால் போதும்.

இதே முறைகளை நம் வீட்டுக்குள் கொண்டுவருவோம். நம் முன்னோரைப் பற்றி ஏடுகளே இல்லை என்று நினைப்பது சரியன்று. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் அவர்களுடைய பெயர், தந்தை பெயர், வயது, ஊர் ஆகியவை எழுதப்பட்டன. ரஜுலா, ரோனா போன்ற கப்பல்களில் அவர்கள் வந்தார்கள். பினாங்கில் இறங்கியோரில் பலர் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காகத் தங்க வைக்கப்பட்டார்கள். தோட்டத்துக்கு வந்தபின், பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட கிராணியின் செக்ரோலில் இருந்தார்கள். பிள்ளை பிறந்தால் பிறப்புப் பத்திரம். பள்ளிக்கு வந்தால் சேர்க்கைப் பதிவேடு. கோயில் திருவிழா என்றால் வரிக் கணக்கு. கல்யாணம் என்றால் பத்திரிகையும் மொய்ப் புத்தகமும். எல்லாம் ஏடுகள்தாம்.

ஆனால் அவை என்னவாயின? தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோதும், ரப்பர் அழிந்து செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தபோதும், அலுவலகத்துப் பழைய புத்தகங்கள் பல குப்பைக்கும் கரையானுக்கும் போயின. லயத்தை விட்டு மாறும்போது தகரப்பெட்டியில் இருந்த தாள்களை, "இது எதற்கு?" என்று எறிந்தவர்கள் உண்டு.

எதற்கு என்பதை நம் சமூகம் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1957க்குப் பின் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, இந்நாட்டில் பிறந்ததையோ நெடுநாள் வாழ்ந்ததையோ காட்டத் தாள் கேட்டார்கள். தாள் இல்லாதவர்கள் சிவப்பு அடையாளக் கார்டோடு நின்றார்கள். 1969இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்று வந்தபோது, வாழ்நாளெல்லாம் பால்மரம் வெட்டியவர்கள் பலர் கப்பலேறித் திரும்பினார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாததால் பள்ளியில் சேரவும் வேலை தேடவும் அல்லற்படும் பிள்ளைகள் இன்றும் உண்டு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. ஏட்டில் பெயர் இல்லாதவனுக்குக் கறிச் சுரைக்காயும் கிட்டாது என்பது நம் அனுபவம்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் கொண்டுபோகப்பட்டு மாண்டார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்வீரர்களுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. படையில் பெயர்ப் பட்டியல் இருந்தது. ஆகவே கல்லில் பெயர் வந்தது. அதே பாதையில் விழுந்த தமிழனுக்குப் பட்டியலும் இல்லை, பெயர் பொறித்த கல்லும் இல்லை. அவனுடைய பெயர் இருக்கக்கூடிய ஒரே இடம், அவன் பேரப்பிள்ளைகளின் வீடு.

ஆகவே செய்ய வேண்டியதை எளிமையாகச் சொல்லி முடிக்கிறோம். ஒரு தடித்த கோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வீட்டில் உள்ள மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள். அவருடைய பெயர், தாய் தந்தை பெயர், பாட்டியின் பிறந்த ஊர், தமிழ்நாட்டுக் கிராமத்தோடு தாலுகாவும் மாவட்டமும், வந்த கப்பல், இறங்கிய துறைமுகம், கங்காணியின் பெயர், வேலை செய்த தோட்டங்கள் என்று வரிசையாகக் கேட்டு எழுதுங்கள். ஆண்டு நினைவில்லை என்றால், "ஜப்பான்காரன் வருவதற்கு முன்பா, பின்பா?" என்று கேளுங்கள், விடை வந்துவிடும். யார் சொன்னார், எந்த நாளில் சொன்னார் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

அடுத்து, வீட்டில் உள்ள தாள்களைச் சேருங்கள். பிறப்பு, மரணப் பத்திரம் தொலைந்திருந்தால் தேசியப் பதிவிலாகாவில் விண்ணப்பியுங்கள். பெயரின் எழுத்து மாறியிருக்கும். அதற்காக மலைக்க வேண்டாம். ஒரே மாரியாயியைக் கிராணி ஒருவிதமாகவும், ஆஸ்பத்திரி வேறுவிதமாகவும், அடையாளக் கார்டு மற்றொரு விதமாகவும் எழுதியிருக்கும். வயதும் கிராணியின் கண்மதிப்பாக இருக்கும். இரண்டு தாள்களை ஒத்துப் பார்த்து, வேறுபாட்டையும் எழுதி வையுங்கள். பழைய புகைப்படத்தின் பின்புறம் யார் யார் என்று பென்சிலால் இன்றே எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வேறொரு வீட்டில் ஒன்றை வையுங்கள். அடிலெய்டில் மூண்ட தீயை நினைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி மாணவர்களே, இதை உங்களிடமே ஒப்படைக்கிறோம். தாத்தாவும் பாட்டியும் பேசத் தயாராக இருக்கிறார்கள், கேட்பவர்தாம் வேண்டும். அவர்களுக்கு எழுதத் தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குத் தெரியும். லைட்டின் அறிக்கையில் ஒரே வரியாக நின்ற ஆயிரம் பேருக்கு இனி நம்மால் பெயர் கொடுக்க இயலாது. நம் வீட்டில் இருக்கும் ஒருவருக்கு இயலும். இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்தை எழுதிவிடுங்கள்.